வினைமுற்றில் தங்கும் மரியாதை: பாலக்காடு, இடுக்கி எல்லை வழக்கும் மலையாள – தமிழ் மொழிபெயர்ப்பும்

'வந்நு' என்பது மலையாளத்தில் இறந்தகால வினைமுற்று. வந்தவர் யார் என்பதை அச்சொல் கூறுவதில்லை. தன்மையோ முன்னிலையோ படர்க்கையோ, ஆணோ பெண்ணோ, ஒருவரோ பலரோ, பெரியவரோ சிறுவரோ, எவர்க்கும் அவ்வொரு வடிவமே போதும். இதனைத் தமிழாக்க முற்படுவோர் வந்தேன், வந்தாய், வந்தீர்கள், வந்தான், வந்தாள், வந்தார், வந்தார்கள், வந்தது என்பனவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். இடத்தைச் சூழலிலிருந்து பெறலாம். பாலையும் எண்ணையும் பெரும்பாலும் பெறலாம். ஆனால் 'வந்தான்' என்பதா, 'வந்தார்' என்பதா என்னும் வினாவுக்கு மூலத்தின் வினையில் விடை கிடையாது. அவ்விடையை மொழிபெயர்ப்பாளரே தருகிறார். அது இலக்கணத்தைப் பற்றிய விடையும் அன்று. சொல்லப்படும் மனிதரின் தகுதியைப் பற்றிய விடை. மூல ஆசிரியர் வழங்காத ஒரு தீர்ப்பு, மொழிபெயர்ப்பில் பக்கந்தோறும் பல முறை வழங்கப்பட்டுவிடுகிறது.

மலையாளத்திலிருந்து தமிழாக்குதல் எளிது என்னும் நம்பிக்கை பரவலாக உண்டு. இடர் இருப்பின் அது ஒலி ஒத்துப் பொருள் வேறுபடும் சொற்களில்தான் என்பர். 'சம்சாரம்' மலையாளத்தில் பேச்சு, தமிழில் மனைவி என்பது போன்ற எடுத்துக்காட்டுகள் சலிக்கும் அளவுக்குக் காட்டப்பட்டுள்ளன. அகராதியைப் புரட்டினால் தீரும் இடர் அது. வினை ஈற்றின் இடர் அகராதியால் தீர்வதன்று. இரு மொழியும் நாள்தோறும் உரசிக்கொள்ளும் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதி வழக்கை முன்வைத்து இவ்விடரை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு தவறான கருத்துகள்

மலையாள வினை இடமும் எண்ணும் பாலும் காட்டும் ஈறுகளை இழந்தமை, கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே குறிக்கப்பெற்றது. ஏ. ஆர். ராஜராஜவர்மா தம் கேரளபாணினீயத்தில் (1896, திருத்திய பதிப்பு 1917) மலையாளத்தைத் தமிழினின்று வேறுபடுத்தும் ஆறு நயங்களுள் ஒன்றாக இதனை வைத்துப் 'புருஷபேத நிராசம்' எனப் பெயரிட்டார். இலக்கண உண்மை இவ்வளவே. இதிலிருந்து எல்லையின் இரு புறத்தாரும் இரு வேறு முடிவுகளுக்குத் தாவுகின்றனர். வாளையாற்றுக்குக் கிழக்கே உள்ளவருள் பலர் மலையாளத்தை மரியாதை குறைந்த மொழி என்பர். மேற்கே உள்ளவருள் சிலர் அதனையே சமத்துவத்தின் அடையாளமாகக் காட்டுவர். இரண்டும் ஈற்றை மட்டும் கண்டு மொழியைக் காணாத முடிவுகள்.

வில்லியம் லோகன் 1887இல் வெளியிட்ட மலபார்க் கையேட்டில் வீட்டைக் குறிக்கும் சொற்கள் சாதிக்கேற்ப மாறுவதை வரிசைப்படுத்துகிறார். அடிமை உழவர் வாழ்வது சாள, கைவினைஞரும் கள் இறக்குவோரும் வாழ்வது புர அல்லது குடி, நாயர் வாழ்வது வீடு, நம்பூதிரி வாழ்வது இல்லம், அவருள் உயர்ந்தார்க்கு மன, அரசர்க்குக் கோவிலகம். கூரையும் சுவரும் உடைய ஒரே பொருளுக்கு இத்தனை பெயர் வைத்த மொழியைச் சமத்துவ மொழி எனல் பொருந்தாது. தன்னைக் குறிக்க 'அடியன்' என்றே சொல்லியாக வேண்டிய கட்டாயம் மலையாள மண்ணில் அண்மைக் காலம் வரை இருந்தது. அரசர் இறந்தால் 'தீப்பெட்டு' என ஒரு சொல். எளியவர் இறந்தால் 'சத்து' என வேறொரு சொல். வினையின் ஈறு தேய்ந்தபோது ஏற்றத்தாழ்வு தேயவில்லை. அது பெயருக்கும் வினையின் பகுதிக்கும் இடம்பெயர்ந்தது.

தமிழ் மரபும் இவ்வகையில் நினைக்கத்தக்க ஒன்றைச் சொல்லியிருக்கிறது. ஒருவரைப் பன்மையாற் கூறுதல் உயர்த்திச் சொல்லும் வழக்கினால் அமைந்ததே அன்றி இலக்கண நெறியால் அமைந்ததன்று என்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் கருத்து. நன்னூலும் உயர்வு முதலிய காரணங்களால் பாலும் திணையும் மயங்குவதை வழுவமைதியாகவே கொள்கிறது. 'அவர் வந்தார்' என்பதை இன்று முழு இலக்கணமாகக் கொள்வோர், ஒருகாலத்தில் அது பொறுத்துக்கொள்ளப்பட்ட வழு என்பதை மறந்துவிடுகின்றனர். வழக்கு இறுகி விகுதியாயிற்று. விகுதியானபின் அதிலிருந்து விலகும் உரிமை பேசுவோர்க்கு இல்லாது போயிற்று. மலையாளத்தார் ஒருவரைப் பற்றி மரியாதையும் காட்டாமல் அவமதிப்பும் காட்டாமல் பேசிச் செல்ல முடியும். தமிழர்க்கு அவ்வசதி இல்லை.

மலையாளம் மரியாதையை எங்கு வைத்துள்ளது

முதற்கண் படர்க்கைப் பெயர். ஆண்பாற்கு 'அவன்', 'அயாள்', 'அத்தேஹம்' என மூன்று படிகள் உள. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் தமிழில் அவன், அவர் என நேர்ச்சொற்கள் உண்டு. நடுப்படியாகிய 'அயாள்' என்பதற்கு இல்லை. 'அந்த ஆள்' என்பது சொற்பொருளால் நெருங்கியது. ஆனால் தமிழில் அது இகழ்ச்சி. இக்கால மலையாளப் புனைகதையில் கதைமாந்தரைப் பரிவோடும், அதே வேளை தொலைவோடும் நோக்க 'அயாள்' பெரிதும் பயன்படுகிறது. தமிழில் அதனை 'அவன்' என்றால் நெருக்கம் கூடிவிடுகிறது. 'அவர்' என்றால் வணக்கம் கூடிவிடுகிறது. பெண்பாற்கு 'அயாள்' போன்ற நடுப்படி வழக்கில் இல்லை. 'அவள்', 'அவர்' என்பனவே. மலையாள 'அவர்' ஒருவரைக் குறிக்குமாயின் பெரும்பாலும் மதிப்பிற்குரிய பெண்ணைக் குறிக்கும் என்பதும், தமிழ் வாசகர் 'அவர்' எனக் கண்டவுடன் முதலில் ஆணையே நினைப்பர் என்பதும் சேர்த்து எண்ணத்தக்கவை.

அடுத்தது விளி. மலையாளத்தில் முன்னிலைப் பெயரைத் தவிர்த்து, உறவுப்பெயராலோ பதவிப்பெயராலோ எதிரில் நிற்பவரைப் படர்க்கையாளர் போலப் பேசுதல் இயல்பு. 'சார் எப்போள் வந்நு?' என்பது எதிரில் நிற்கும் சாரிடமே கேட்பது. வினையில் இடம் தோன்றாமையால் இவ்வழக்கு இடறின்றி நிற்கிறது. 'சார் எப்போது வந்தார்?' எனத் தமிழாக்கினால் எங்கோ உள்ள மூன்றாமவரைப் பற்றிய கேள்வியாகிவிடும். 'சார் எப்போது வந்தீர்கள்?' என்பதே சரி. வேகமாக மொழிபெயர்ப்போர் சொல்லைப் பார்த்து இடத்தைத் தவற விடும் இடம் இது.

இதனினும் நுட்பமானது மனைவி கணவனிடம் கேட்கும் 'சேட்டன் கழிச்சோ?' என்பது. திருவிதாங்கூர்ப் பகுதியில் சேட்டன், மலபார்ப் பகுதியில் ஏட்டன். இரண்டும் தமையனைக் குறிப்பன. மனைவி கணவனை அவ்வாறு அழைத்தல் அங்கு வழுவன்று. தமிழில் 'அண்ணன் சாப்பிட்டாரா?' என வைத்தால் கணவன் மாயமாகி அண்ணன் ஒருவன் கதைக்குள் நுழைகிறான். அத்தான், மாமா என்பன வட்டாரமும் சாதியும் சார்ந்த சொற்கள். கண்டபடி வைத்தால் குடும்பத்தின் ஊரும் குலமும் மாறும். இங்கு எல்லைப் பகுதித் தமிழே கைகொடுக்கிறது. 'சாப்பிட்டீங்களா?' எனப் பெயரே இன்றிக் கேட்பது பாலக்காட்டின் கிழக்கு ஊர்களிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் ஒருசேர வழங்குவது. மலையாளப் பெண் விளிப்பெயரில் வைத்த மரியாதையைத் தமிழ்ப் பெண் ஈற்றில் வைக்கிறாள். இவ்விடமாற்றத்தை உணர்வதே மொழிபெயர்ப்பு.

ஏவலிலும் இவ்வேறுபாடு உண்டு. வா, வரூ, வரிக, வரணம், வந்நாலும் எனப் படிப்படியாக உயரும் வடிவங்களுள் 'இரிக்கணம்' என்பது விருந்தினரை அமரச் சொல்லும் பணிவுச் சொல். 'உட்கார வேண்டும்' என எழுதினால் கட்டளை ஆகிறது. பழைய தமிழ்க் கடிதங்களில் 'தாங்கள் எழுந்தருள வேணும்' என்னும் போக்கில் இதே வடிவம் பணிவாக வழங்கியதை நினைவூட்டிக்கொண்டால், மூத்த பாத்திரங்களின் பேச்சில் அதனை மீட்டெடுக்கலாம். இளையோர் பேச்சில் அது நாடகமாகிவிடும்.

இரண்டு எல்லைகள், இரண்டு வழக்குகள்

பாலக்காட்டையும் இடுக்கியையும் 'கேரளத் தமிழ்' என்னும் ஒரே பெட்டிக்குள் இடுதல் வசதியானது, ஆனால் பிழையானது. பாலக்காடு, ஆலத்தூர், ஒற்றப்பாலம் ஆகியவை 1956 வரை சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தவை. தமிழ் மிகுந்த சிற்றூர் வட்டம் கொச்சி அரசில் இருந்தது. தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலைப் பகுதிகளோ திருவிதாங்கூரின் மலைப்பகுதிகள். 1972இல் அமைந்த இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு விளிம்பு அவை. பாலக்காட்டுக்குக் கிழக்கிலிருந்து வந்து கலந்தது கொங்குத் தமிழ். அக்கிரகாரங்களின் 'வாங்கோ, இருங்கோ' என்னும் வழக்கு தனிக் கிளை. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றதோ மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் தமிழ். அவர்கள் எதிர்கொண்ட மலையாளமும் ஒன்றன்று. பாலக்காட்டில் அது மலபார் மலையாளம். இடுக்கியில் கோட்டயம், பாலா பக்கத்திலிருந்து மலையேறிய குடியேற்றத்தாரின் மலையாளம்.

இவ்வேறுபாட்டின் விளைவை 'நிங்ஙள்' என்னும் ஒரு சொல்லில் காணலாம். தமிழ் 'நீங்கள்' என்பதன் உடன்பிறப்பு அது. மலபாரில் மூத்தவரையும் அயலாரையும் அச்சொல்லால் அழைத்தல் மரியாதையே. தென் கேரளத்திலும் நடுக் கேரளத்திலும் மூத்தவர் ஒருவரை 'நிங்ஙள்' என்றால் முகம் சுளிப்பர். அங்குப் பெயரோடு சேட்டன், சேச்சி, சார் எனச் சேர்த்தே பேசவேண்டும். ஆகவே தமிழர் ஒருவர் தம் 'நீங்கள்' என்பதை அப்படியே மலையாளமாக்கிக்கொண்டு பேசினால், கொழிஞ்ஞாம்பாறையில் பணிவுடையவர் எனப்படுவார். குமுளியில் வாய்த்துடுக்கு உடையவர் எனப்படுவார். பேசியவர் ஒருவரே, சொல்லும் ஒன்றே. இதன் மறுதலையாக, மலையாள நாவலின் ஒரு பாத்திரம் மற்றொருவரை 'நிங்ஙள்' என்று அழைக்கும் இடத்தில் கதை நிகழும் ஊரைப் பாராமல் 'நீங்கள்' என இடுவது, சில இடங்களில் சண்டையைச் சமாதானமாக்கிவிடும்.

கொங்கு வழக்கின் '-ங்க' தனித்து நோக்கத்தக்கது. வாங்க, சொல்லுங்க என ஏவலில் வருவதோடு அது நில்லாது. சரிங்க, ஆமாங்க, இல்லீங்க, ஏனுங்க எனப் பெயரையும் இடைச்சொல்லையும் பற்றிக்கொள்கிறது. எழுவாயை உயர்த்துவது அன்று அது, கேட்பவரை உயர்த்துவது. 'நாய் ஓடிப்போச்சுங்க' என்னும்போது மரியாதை நாய்க்கன்று, எதிரில் நிற்பவர்க்கு. மலையாளத்தில் இதற்கு ஈடாக ஓர் ஈறு இல்லாமையால், தமிழிலிருந்து மலையாளத்துக்குப் போகும்போது இது முற்றிலும் உதிர்ந்துவிடுகிறது.

பிரௌனும் லெவின்சனும் 1978இல் வெளியிட்டு 1987இல் நூலாக்கிய பணிவுக் கோட்பாட்டுக்குத் தரவளித்த மூன்று மொழிகளுள் தமிழ் ஒன்று. அத்தமிழ் கோயம்புத்தூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றின் தமிழ் என்பது இவ்விடத்தில் சுவையான செய்தி. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் கேட்ட பேச்சு, உலகப் பணிவியலின் சான்றாகியிருக்கிறது. ஆனால் அக்கோட்பாடு பணிவைப் பேசுவோர் திட்டமிட்டுத் தெரிந்துகொள்ளும் உத்தியாகவே பெரிதும் காண்கிறது. ஜப்பானிய மொழியை முன்வைத்து சச்சிகோ இடே 1989இல் இதனை மறுத்தார்; சில மொழிகளில் பணிவு என்பது பேசுவோர் விரும்பித் தேர்வது அன்று, சமூக இடமறிந்து நிறைவேற்றியாக வேண்டிய கடமை என்றார். தமிழ் வினை ஈறு இடேயின் பக்கமே நிற்கிறது. கணவாயைத் தாண்டி மேற்கே சென்றவுடன் வினையளவில் கடமை நீங்கி உத்தி மேலோங்குகிறது.

அண்ணாச்சி என்னும் சொல்லின் கதி

மரியாதைச் சொல் எல்லை கடக்கும்போது மரியாதையை உடன் கொண்டு செல்வதில்லை என்பதற்கு 'அண்ணாச்சி' என்பதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கங்களில் அது மூத்தவரையும் வணிகரையும் மதித்து விளிக்கும் சொல். மலையாளத்தில் அதே சொல் தமிழரை, சிறப்பாக உடலுழைப்புக்கு வந்த தமிழரை, இளக்காரமாகச் சுட்டும் சொல்லாக வழங்குகிறது. சேட்டன் என்பதும் இவ்வாறே. கேரளத்தில் தமையனுக்குரிய அன்புச் சொல். தமிழகத்தில் மலையாளியைக் கேலியாகச் சுட்டும் சொல். இரு நாட்டாரும் ஒருவர் மற்றவரின் உறவுப்பெயரை எடுத்து இனப்பெயராக்கிக் கொண்டனர். சொல்லின் வடிவம் குலையவில்லை. உறவு மட்டும் கழன்றுவிட்டது.

மலையாளக் கதையில் ஒரு பாத்திரம் 'அண்ணாச்சி' என்று அழைத்தால் தமிழ் வடிவில் என்ன செய்வது? அப்படியே விட்டால் தமிழ் வாசகர் அதனை மரியாதையாகப் படிப்பர், இழிவு மறைந்துபோகும். வேறொரு வசைச்சொல்லை வைத்தால் மூலத்தின் நஞ்சு, அதாவது அவமதிப்பு மரியாதையின் உடையில் வருவது, கெட்டுப்போகும். இவ்விடத்தில் சொல்லை விட்டுவிட்டு அதனைச் சுற்றியுள்ள வினைகளின் ஈற்றால் தொனியைக் காட்டுவதே தக்கது. 'என்ன அண்ணாச்சி, எங்கே போறே?' எனின் மேற்சொல்லும் வினையும் முரண்பட்டு இளக்காரம் வெளிப்படும். தமிழ் வினையின் கட்டாயம் மொழிபெயர்ப்பாளர்க்குத் துணையாகும் அரிய இடங்களுள் இது ஒன்று.

கசாக்கும் மூணாறும்

பாலக்காட்டை அடுத்த தஸ்ராக் என்னும் சிற்றூரைத் தளமாகக் கொண்டெழுந்தது ஓ. வி. விஜயனின் 'கசாக்கின்றெ இதிகாசம்'. 1969இல் நூலாக வந்த இந்நாவலின் மொழி, தமிழ் கலந்த பாலக்காட்டு வட்டார மொழியின் வளம் உடையது. யூமா வாசுகியின் தமிழாக்கம் 'கசாக்கின் இதிகாசம்' 2017ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றது. விஜயன் தாமே ஆங்கிலத்தில் ஆக்கிய வடிவம் 1994இல் வந்தது. ஆங்கில வினையும் மலையாள வினை போல மரியாதை காட்டாததாகையால் விஜயனுக்கு இச்சிக்கல் எழவே இல்லை. தமிழாக்கத்துக்கு மட்டுமே உரிய சிக்கல் இது. தமிழில் இந்நாவலை யார் ஆக்கினும் எதிர்கொண்டாக வேண்டியது.

ஓராசிரியர் பள்ளிக்கு வரும் ரவி, முதிய மொல்லாக்கா, அறிவு வளர்ச்சி குன்றிய அப்புக்கிளி, நிலவுடைமையாளர் சிவராமன் நாயர், மைமுனா ஆகிய யாவரும் மலையாளக் கதைசொல்லியின் வினைமுற்றில் ஒரே தட்டில் அமர்கின்றனர். மொல்லாக்கா வந்ததும் அப்புக்கிளி வந்ததும் 'வந்நு' தான். மரணமும் காமமும் மழையும் யாவரையும் ஒருங்கே சூழும் அந்நாவலின் பார்வைக்கு இச்சமன் அணியன்று, அடிப்படை. தமிழில் 'மொல்லாக்கா வந்தார், அப்புக்கிளி வந்தான்' என எழுதுவதே இயல்பு. ஆனால் அவ்வியல்பினுள் ஒரு புதிய கதைசொல்லி பிறந்துவிடுகிறார். வயது, சாதி, உடைமை அறிந்து எழுந்து நிற்கவும் அமர்ந்து பேசவும் தெரிந்த ஊர்க் கணக்கர் போன்றவர் அவர். விஜயனிடம் இல்லாதவர்.

இக்குறையை எவ்வொரு மொழிபெயர்ப்பாளரின் பிழையாகவும் கொள்ளுதல் நேர்மையன்று. பிழை, 'இயல்பு' என்பதைக் கேள்வியின்றி ஏற்கும் மரபில் உள்ளது. தமிழ் உரைநடை மரபு கதைத்தலைவனுக்கு 'ஆன்' வைக்கும், அது நெருக்கம். வேலைக்காரனுக்கும் 'ஆன்' வைக்கும், அது தாழ்வு. ஒரே ஈறு இரு வேறு மதிப்பைச் சுமப்பதை வாசகர் சூழலால் பிரித்துணர்கின்றனர். தமிழ் நாளிதழ்கள் குற்றம் சாட்டப்பட்டவரை நெடுங்காலம் 'ஆன்' ஈற்றாலேயே எழுதியதும் இம்மரபின் பகுதியே. மொழிபெயர்ப்பில் பிறமொழி ஏழை ஒருவர் தமிழ் ஏழையாகும்போது அவருக்கும் இத்தாழ்வு தானாகவே சென்று சேர்கிறது. இதற்கு மாற்று உண்டு. கதைசொல்லியின் கூற்றில் எல்லாப் பாத்திரங்களுக்கும், அல்லது வளர்ந்தோர் யாவர்க்கும், ஒரே ஈற்றைக் கொள்ளலாம். உரையாடலில் மட்டும் ஏற்றத்தாழ்வு காட்டலாம். அதனால் தொடக்கத்தில் சில பக்கங்கள் செவிக்கு முரணாகும். முரணுதல் குறையன்று, கசாக்கின் பார்வைக்கு வாசகரின் செவி பழகும் வழி அது.

தன்மையில் கூறப்படும் கதைகளில் இச்சிக்கல் பாதியாகக் குறைகிறது. குளச்சல் மு. யூசுபின் தமிழாக்கமாகிய 'திருடன் மணியன்பிள்ளை'யில் திருடர் தம் கதையைத் தாமே கூறுகிறார். தன்மை ஒருமைக்கு உயர்வு தாழ்வு ஈறு இல்லை; 'வந்தேன்' என்பதில் திருடரும் நீதிபதியும் சமமே.

எதிர்த்திசையில் நிகழ்வதற்கு மூணாறு சான்று. 2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் தோட்டங்களில் பணிபுரிந்த பெண் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோர், 20 விழுக்காடு போனசும் கூலி உயர்வும் கோரி, தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கிவைத்துத் தாமே போராடினர். அன்று அவர்தம் நாட்கூலி 232 ரூபாய். போராடியோருள் பெரும்பான்மையோர் தமிழர். முழக்கங்களும் பெரிதும் தமிழிலேயே எழுந்தன. ஒன்பது நாளில் போனசுக் கோரிக்கை நிறைவேறியது. அவ்வமைப்பு 'பெம்பிளை ஒருமை' எனப் பெயர்பெற்றது. மலையாள இதழ்களும் அதனை 'ஒருமை' என ஐகார ஈற்றோடே எழுதின, தம் மொழியின் 'ஒரும' என மாற்றவில்லை. தமிழ் இலக்கண மாணவர்க்கு இப்பெயர் வியப்பளிக்கும். 'ஒருமையில் பேசினான்' என்றால் அவமதித்தான் என்பதே தமிழ் வழக்கு. துரை, கங்காணி, மேற்பார்வையாளர் என அடுக்கடுக்காக ஒருமையில் விளிக்கப்பட்டு வந்த தோட்டத் தொழிலாளரின் வழியில் வந்த பெண்கள், அச்சொல்லின் மறுபொருளாகிய ஒற்றுமையைத் தம் பெயராக்கிக்கொண்டனர். இது திட்டமிட்ட சிலேடை எனக் கொள்ளச் சான்றில்லை. சொல்லின் இரு பொருளும் தமிழில் உடனிருப்பதே போதும். மலையாளத்தில் இவ்விரட்டைப் பொருள் முழுதும் ஒலிக்காது.

அப்பெண்கள் தோட்ட மேலாளரையோ அமைச்சரையோ எதிர்த்துப் பேசும்போதும் தமிழ் 'நீங்க' என்பதையும் '-ங்க' ஈற்றையும் கைவிடாது பேசுவது இயலும். சினமும் மரியாதையும் ஒரே வாக்கியத்தில் அமையும். அதுவே அப்பேச்சின் வலிமையும் ஆகும். மலையாளமாக்கும்போது வினையில் அம்மரியாதைக்கு இருக்கை இல்லை. சினம் மட்டும் எஞ்சும். தமிழ்த் தொழிலாளர் கடுமொழியினர் என்னும் எண்ணம் கேரள வாசகரிடம் உருவானால், அதில் மொழிபெயர்ப்பின் பங்கும் உண்டு. 'சாரே', 'சேட்டா' போன்ற விளிகளை உரிய இடங்களில் சேர்த்து இவ்விழப்பை ஈடுசெய்யலாம். சொல்லுக்குச் சொல் மெய்யாக இருப்பதைவிட, பேசியவரின் பண்புக்கு மெய்யாக இருப்பது இங்கு முதன்மை பெறும்.

மாத்தூர்த் தீர்மானமும் காவல் நிலையமும்

பாலக்காடு மாவட்டத்து மாத்தூர்க் கிராமப் பஞ்சாயத்து 2021 ஆகஸ்டு இறுதியில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அலுவலகத்துக்கு வரும் பொதுமக்கள் அலுவலரைச் சார், மேடம் என அழைக்க வேண்டியதில்லை. பெயராலோ பதவியாலோ அழைக்கலாம். விண்ணப்பங்களில் 'அபேட்சிக்குன்னு', 'அப்யர்த்திக்குன்னு' என இரந்து கேட்கும் சொற்களும் வேண்டா. 'அவகாசப்பெடுன்னு', 'தால்பர்யப்பெடுன்னு' என எழுதலாம். இதனைப் பின்பற்றி அம்மாவட்டத்து ஓலச்சேரிப் பள்ளியில் 2022 முதல், ஆணாயினும் பெண்ணாயினும் ஆசிரியரை 'டீச்சர்' என்றே அழைக்கத் தொடங்கினர். 2023 சனவரியில் மாநிலக் குழந்தை உரிமைகள் ஆணையமும் பள்ளிகளில் இவ்விளியையே பரிந்துரைத்தது.

இத்தீர்மானம் பாராட்டத்தக்கது, ஆயினும் 'சார்' என்பது அடிமைக்காலத்து எச்சம் என்னும் அதன் காரணம் பாதி உண்மையே. தம்புரான், திருமேனி, ஏமான் என அழைத்தாக வேண்டியிருந்த இடத்தில் சாதி சுட்டாத ஒரு சொல்லாகச் 'சார்' நுழைந்தது. தோட்டத்தில் 'துரை' என்ற வாய் 'சார்' என்றது ஓர் ஏற்றமே. ஏணியின் நடுப்படியை அடிப்படியாக எண்ணுதல் தகாது.

மொழிபெயர்ப்பாளர்க்கு வேறு வினா எழுகிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு எழுத்துத்தொடர்பு கொள்ள வழிசெய்கிறது. இத்தீர்மானத்தின் கருத்தைத் தமிழ் மனுவில் எவ்வாறு கொணர்வது? 'அவகாசம்' எனும் சொல் தமிழில் காலநீட்டிப்பு, உரிமை அன்று. 'அபேட்சை' முன்பு தமிழிலும் இருந்தது. தேர்தலில் நின்றவரை 'அபேட்சகர்' என்ற காலம் உண்டு. அச்சொல் மறைந்துவிட்டது. 'விண்ணப்பம்' என்பதன் வேரே பெரியோர்முன் பணிந்து சொல்லுதல். 'உரிமை கோருகிறேன்' என்றால் வழக்காடுவது போலாகும். 'கோருகிறேன்' என நிறுத்திக்கொள்வதே பொருந்தும். வேண்டுதலும் உரிமையும் ஆகிய இரண்டுக்கும் இடையே நிற்கும் சொல் அது. ஆசிரியர்க்குரிய விளியோ இன்னும் இடர் மிக்கது. தமிழ்ப் பேச்சில் 'டீச்சர்' பெண்ணையே குறிக்கும், 'ஆசிரியர்' விளியாகாது, 'ஐயா', 'அம்மா' எனின் நீக்க எண்ணிய பால் வேறுபாடு முன்வாயிலால் திரும்பி வரும்.

மேலும், மலையாளத்தில் 'சார்' நீங்கினால் வாக்கியம் வெறுமையாகி நடுநிலை அடைகிறது. தமிழில் 'சார்' நீங்கினாலும் 'கொடுங்கள்', 'சொல்லுங்கள்' என ஈறு தன் கடமையைச் செய்துகொண்டே இருக்கும். ஆகவே தமிழருக்கு இத்தீர்மானம் பெறுவதைவிடக் குறைவாகவே எதையோ கழிக்கிறது. அவர் அலுவலரிடமிருந்து எதிர்பார்ப்பது வேறு: தமக்கும் 'ங்கள்' ஈறு கிடைத்தல்.

இது காவல் நிலையத்தில் கூர்மையடைகிறது. பொதுமக்களை 'எடா', 'எடீ', 'நீ' எனக் காவலர் அழைத்தல் கூடாது எனக் கேரள உயர்நீதிமன்றம் 2021 செப்டம்பரில் அறிவுறுத்தியது. காவல்துறைத் தலைவர் சுற்றறிக்கை விடுத்தார். ஆலத்தூரில் வழக்கறிஞர் ஒருவரிடம் காவல் அலுவலர் பேசிய முறை குறித்து 2024இல் நீதிமன்றம் மீண்டும் கண்டிப்புக் காட்ட நேர்ந்தது. மீண்டும் ஒரு சுற்றறிக்கை வந்தது. இரு முறையும் தடுக்கப்பட்டவை விளிச்சொற்களே. மலையாளத்துக்கு அது பெருமளவு போதும். 'நீ' என்பதை நீக்கினால் 'எவிடெ போயி?' என்பதில் குற்றம் காண இடமில்லை. தமிழில் 'நீ' என்பதை நீக்கினாலும் 'எங்கே போனே?' என்பதில் அது முழுதாக இருக்கிறது. 'எங்கே போனீங்க?' என்பதே அதற்கு மாற்று. தமிழை இரண்டாம் மொழியாகக் காதால் கற்றவர், மலையாளத்தில் நடுநிலையாகப் பேசும் அதே வாயால், தாம் அறியாமலே 'வா', 'போனே', 'சொல்லு' எனக் குறுகிய வடிவங்களைச் சொல்லக்கூடும். அவை எளியவை, முதலில் கற்கப்படுபவை. சிற்றூர், தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் பணிபுரிவோர்க்கு அச்சுற்றறிக்கை தமிழில் தரப்படுமாயின், மூன்று விளிச்சொற்களின் மொழிபெயர்ப்பு அதற்குப் போதாது. வினை ஈறுகளின் ஒரு சிறு பட்டியலையும், ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் மரியாதை வடிவத்தையும் உடன் சேர்த்தாக வேண்டும்.